துணிக்கூரை காரைக் கழுவுவது: ஆறு ஆண்டு அனுபவம்

கூரையை மடக்கித் திறக்கும் கார் ஒன்றை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். கருப்புத் துணிக்கூரை, பின்பக்கம் அசல் கண்ணாடி. கார் நிற்பது பெரும்பாலும் வெட்டவெளியில்தான். இன்றுவரை கூரை வழியாக ஒரு சொட்டு நீர் உள்ளே இறங்கியதில்லை. ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகள் அதை நான் கழுவிய முறை முழுக்கத் தவறு.

பெயின்ட் அடித்த தகரத்தைக் கழுவுவதுபோலவே கூரையையும் கழுவினேன். ஷாம்புவைத் தாராளமாக ஊற்றித் தேய்த்து, மேலோட்டமாக நீர் விட்டு முடித்துவிடுவேன். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். சில மாதங்களில் மழைநீர் வழிந்தோடாமல் துணிக்குள் ஊறத் தொடங்கியது. நனைந்த இடம் காய ஒரு முழுப் பகல் ஆயிற்று. பிறகு பின்கண்ணாடிக்கு மேலுள்ள தையலில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது. பாசி.

காரணம், நெசவுக்குள் தங்கிவிட்ட சோப்பு. தகரத்தில் சோப்பு வழுக்கிக்கொண்டு போய்விடும். துணி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீரை ஒட்டவிடாத பூச்சு துணியில் இருந்தாலும், மிச்சமிருக்கும் சோப்பு நீரை உள்ளே இழுத்துவிடும். வீட்டில் துணி துவைக்கும் எவரும் சரியாக அலசாத துணியைத் தொட்டவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்குக் கார் விஷயத்தில் அது தோன்றவே இல்லை.

இத்தகைய கூரை பெரும்பாலும் மூன்று அடுக்குகளால் ஆனது: வெளியே அக்ரிலிக் என்ற செயற்கை இழை நெசவு, நடுவில் ரப்பர், உள்ளே மெல்லிய துணி. நீரை உண்மையில் தடுப்பது நடுவிலுள்ள ரப்பர்தான். அதனால் வெளித்துணி ஊறிப்போனாலும் உள்ளே ஒழுகாது. ஒழுகவில்லையே என்று நாம் நிம்மதியாக இருப்போம். மேலே ஈரம் தங்கித் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இப்போது காரை நிழலில் நிறுத்தி, கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். சூடு ஆறியிருந்தால்தான் தொடங்குவேன். முதல் வேலை உலர்ந்த நிலையிலேயே: மென்மையான பிரஷ் பொருத்திய வாக்குவம் கிளீனரால் தூசியை இழுத்துவிடுகிறேன். தூசியோடு நனைத்தால் அது சேறாகி நெசவுக்குள் இறங்கிவிடும். பிறகு குழாய்நீரால் நனைத்து, மெழுகு கலக்காத மென்மையான ஷாம்புவைக் குறைவாகக் கரைத்து, நெசவு ஓடும் திசையிலேயே பிரஷ்ஷை நீளமாக இழுக்கிறேன். பாதிக் கூரை முடிந்ததும் அலசிவிட்டு மறுபாதி. கூரைக்குப் பிறகே கதவும் பானெட்டும். அழுக்கு நீர் கீழ்நோக்கித்தானே வரும்.

தேய்ப்பதைவிட அலசுவதற்கு இரண்டு மடங்கு நேரம் தருகிறேன். ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு உள்ளங்கையால் துணியை அழுத்தித் தள்ளுவேன். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதும் விரலிடுக்கில் வெள்ளையாக நுரை எட்டிப் பார்க்கும். அது நிற்கும்வரை, கதவுக்குக் கீழே சொட்டும் நீரில் குமிழி வராமல் போகும்வரை அலசுகிறேன்.

நீரை விசையோடு பீய்ச்சும் பிரஷர் வாஷரைக் கூரைப் பக்கம் கொண்டுபோவதில்லை. ஒருமுறை வெளியே கழுவக் கொடுத்தபோது, அதன் முனையை ஜன்னலுக்கு மேலுள்ள ரப்பர் பட்டைக்கு வெகு அருகில் பிடித்துவிட்டார்கள், இருக்கை நனைந்தது. சுழலும் பிரஷ் வைத்த தானியங்கிக் கழுவும் நிலையங்களைச் சில கார்களின் கையேடுகள் அனுமதிக்கின்றன. நான் விடுவதில்லை. முந்தைய காரிலிருந்து அந்த பிரஷ்ஷில் ஒட்டிய மணல் என் கூரையின் நூலை அறுக்க வேண்டாம்.

ஈரக் கூரையை மடக்கவே கூடாது. இரண்டாம் ஆண்டில் அவசரத்தில் மடக்கி, இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். மீண்டும் விரித்தபோது பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. மடிப்பு விழுந்த இடத்தில் வெளிறிய கோடு ஒன்று இன்றும் இருக்கிறது. எதைச் செய்தும் போகவில்லை. இப்போது நீரை உறிஞ்சும் ஷாமித் துணியை விரித்து ஒற்றி எடுத்து, கூரையை மூடியபடியே காற்றில் விடுகிறேன். டவலால் தேய்த்தால் கருப்புத் துணியில் பிசிர் ஒட்டும். தையல்தான் கடைசியில் காயும், அங்கே விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

பறவை எச்சத்தைச் சுரண்டுவதில்லை. ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டு, ஊறியபின் எடுக்கிறேன்.

கையால் தெளித்த நீர் தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டால் கூரை நலமாக இருக்கிறது. ஊறினால், நன்றாகக் காய்ந்த கூரையில், கண்ணாடியையும் பெயின்ட்டையும் மூடிவிட்டு, துணிக்குரிய நீர்த்தடுப்பு ஸ்பிரேயை மெல்லிசாக இரண்டு முறை அடித்து, ஒரு நாள் முழுக்க நனையாமல் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கொரு முறை இதைச் செய்கிறேன். பாசி திரும்பி வரவில்லை.

துணிக்குப் பதில் வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கூரைக்கு இந்த ஸ்பிரே வேண்டாம். வெயிலில் வெடிக்காமல் காக்கும் வினைல் பூச்சு போதும். 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற பழைய கார்களில் பின் ஜன்னலே பிளாஸ்டிக். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் அது கண்ணாடியானது. பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாலும் கீறல் விழும். நிறைய நீர் விட்டு, வெறுங்கையால் தடவிக் கழுவுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டவே வேண்டாம்.

நான்காம் ஆண்டில் இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட் ஈரமாக இருந்தது. கூரை போய்விட்டது என்று பதறினேன். கூரை நன்றாகவே இருந்தது. கூரையின் அடியோரத்தில் நீரை வெளியேற்றும் துளையைச் சருகு அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தினால் உள்ளேயிருக்கும் குழாய் கிழியலாம் என்பதால் வளையும் பிளாஸ்டிக் நரம்பால் மெதுவாக எடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கழுவும்போதும் இரு துளைகளிலும் ஒரு குவளை நீர் ஊற்றி, குனிந்து, காருக்கு அடியில் அது சொட்டுகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.