யமுனைக் கரையில் அஸிதா, லோதி தோட்டத்தில் ஆட்புலா பாலம்: எப்போது போகலாம், எதைப் பார்க்கலாம்

ஊரிலிருந்து டெல்லிக்கு வரும் பெரியவர்கள் தவறாமல் கேட்பது யமுனையைத்தான். காவிரியும் தாமிரபரணியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு யமுனையைக் கடக்கும் ஐடிஓ பாலத்தில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கருத்த தண்ணீரைக் காட்டி முடித்துவிடுவோம். இப்போது இறங்கி நடக்க நல்ல இடம் ஒன்று இருக்கிறது. பழைய ரயில் பாலத்துக்கும் ஐடிஓ தடுப்பணைக்கும் நடுவே கிழக்குக் கரையில் டெல்லி வளர்ச்சி ஆணையம் மீட்டெடுத்திருக்கும் அஸிதா பூங்கா. திட்டப் பரப்பு மொத்தம் 197 ஹெக்டேர். அதில் 90 ஹெக்டேர் ஆணையத்தின் கையில், மீதி உத்தரப் பிரதேசப் பாசனத் துறையிடம்.

விகாஸ் மார்க் சாலையில் ஐடிஓ பக்கமிருந்து வந்தால் பாலம் தாண்டியதும் இடது கைப்பக்கம். ஆட்டோவை மேற்கிலிருந்து வரும்படி பிடியுங்கள். லக்ஷ்மி நகர் மெட்ரோவில் இறங்கினால் தூரம் குறைவுதான், ஆனால் எதிர்ப்பக்கச் சாலையில் மாட்டிக்கொண்டால் அந்தப் போக்குவரத்தில் கடப்பது பெரியவர்களுக்கு ஆகாது.

புல்தரை, நீரூற்று, பூப்பாத்தி என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இது ஆற்றின் வெள்ளச் சமவெளி. பள்ளமான இடங்களை ஆழப்படுத்தி மழைநீரும் வெள்ளநீரும் தங்கும் குட்டைகளாக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் ஆற்றங்கரைப் புல் வகைகள், மரங்கள், நடைபாதை, சைக்கிள் பாதை. யமுனையின் வெள்ளச் சமவெளியில் புதிதாகக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதனால் உள்ளே ஓட்டல் வசதியை நம்பிப் போகாதீர்கள். தண்ணீர், தொப்பி, சிறு தின்பண்டம் கையோடு இருக்கட்டும். எங்கள் பார்வையில் இந்த இடத்தின் பெரிய சிறப்பே இந்த அடக்கம்தான். 2023 ஜூலையில் வந்த வெள்ளத்தில் பூங்கா மூழ்கியது. வண்டலும் சேறும் செடிகளைப் பாழாக்கின, உண்மை. ஆனால் ஆறு பெருகும்போது அது பரவ இந்த நிலம்தான் வேண்டும். கான்கிரீட் கரை கட்டி அந்தத் தண்ணீரை நெருக்கினால் அது குடியிருப்புக்குள் போகும். அதனால் ஆற்றங்கரைப் பூங்காவில் விளக்கு அலங்காரம் எத்தனை என்று பார்ப்பதைவிட வெள்ளத்துக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த வகையில் அஸிதா தேறுகிறது.

நாற்றத்தைச் சொல்லாமல் விட முடியாது. வசீராபாத் தடுப்பணையில் குடிநீருக்காக ஆற்றைத் தடுத்துவிடுகிறார்கள். அதற்குச் சற்றுக் கீழே நஜஃப்கர் வாய்க்கால் வந்து கலக்கிறது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஐடிஓ பக்கம் ஓடுவதில் பெரும்பகுதி நகரத்தின் கழிவுநீர்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை தண்ணீர் குறைந்து வெயில் ஏறும்போது வாடை தாங்காது. அந்த மாதங்களில் போகவே வேண்டாம். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் காற்று கெட்டிருக்கும், ஆஸ்துமா உள்ளவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை மிக நல்ல காலம். செப்டம்பர் கடைசியில் வெள்ளம் வடிந்திருந்தால் நாணல் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். கொசுவும் கூடவே இருக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் குட்டையோரம் போனால் ஆட்காட்டி, நெடுங்கால் உள்ளான், புள்ளி மூக்கு வாத்து ஆகியவற்றைப் பார்க்கலாம். ஒரு தொலைநோக்கி கொண்டுபோவது நல்லது.

ஆடிப் பதினெட்டுக்கு யமுனைக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு வரும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆறு ஏறும் காலம் அது. ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் பெரிய அளவில் தண்ணீர் திறந்தால் சுமார் இரண்டு நாளில் டெல்லி வந்துவிடும். பழைய ரயில் பாலத்து அளவுகோலில் 204.50 மீட்டர் எச்சரிக்கை, 205.33 அபாய அளவு, 206 மீட்டரில் தாழ்வான பகுதி மக்களை வெளியேற்றுவார்கள். 2023 ஜூலை 13 அன்று அது 208.66 மீட்டரைத் தொட்டது; அதற்கு முந்தைய உச்சம் 1978-இன் 207.49. செய்தியில் 204-ஐக் கேட்டாலே கரைக்குப் போவதைத் தள்ளிப்போடுங்கள். எந்தப் பருவத்திலும் இந்தத் தண்ணீரில் காலை நனைக்கவோ தலையில் தெளித்துக்கொள்ளவோ வேண்டாம். படித்துறைதான் வேண்டும் என்பவர்களுக்கு கஷ்மீரி கேட் பேருந்து நிலையம் அருகே 2024 மார்ச்சில் திறந்த வாசுதேவ் காட் இருக்கிறது. அங்கும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த அளவுகோல் இருக்கும் இரும்புப் பாலம் 1866-இல் திறந்தது. மேலே ரயில், கீழே சாலை. அபாய அளவு தாண்டினால் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். தள்ளி நின்று பார்க்க அழகு. நெரிசலில் நடந்து கடக்க ஏற்றதல்ல.

நடந்து கடக்கும் பழைய பாலம் வேண்டுமானால் லோதி தோட்டத்து ஆட்புலாதான். அக்பர் காலத்தில் நவாப் பகதூர் என்பவர் கட்டியது. எட்டுத் தூண், ஏழு வளைவு. நடு வளைவு மற்றவற்றைவிட அகலம். அதனால் மேல்தளமும் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகிறது. கீழே இப்போதிருப்பது வாத்து நீந்தும் ஏரி, ஆனால் அன்று யமுனைக்குப் போன ஓர் ஓடை ஓடியது. மழைக்காலத்து வேகத்துக்கு வழிவிட்டுக் கட்டிய பாலம் என்பது பக்கவாட்டில், கரையிலிருந்து பார்த்தால்தான் புரியும். மேலே ஏறி உடனே செல்ஃபி எடுத்துத் திரும்புபவர்கள் அந்த ஏழு வளைவையும் பார்ப்பதில்லை. மழை நாளில் கல் வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பு நல்லது. சக்கர நாற்காலியைத் தள்ள இன்னொருவர் கை வேண்டும்.

தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஜோர் பாக் மெட்ரோ பக்கமிருந்து வந்தால் பாலம் எதிர்க்கோடியில் இருக்கும், முழுத் தோட்டத்தையும் கடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களை கான் மார்க்கெட் நிலையத்திலிருந்து ஆட்டோவில் ராஜேஷ் பைலட் மார்க் வாசலில் இறக்குங்கள். பாலம் அங்கிருந்து பக்கம், 1517-ஐச் சேர்ந்த சிக்கந்தர் லோதி கல்லறையும் அதையடுத்தே இருக்கிறது.