அவுட்போர்டு வாட்டர் பம்ப்: பழைய இம்பெல்லரையே புரட்டிப் போட்டு 11,400 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்

மொரீஷியஸில் மாயேபூர்ப் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். படகின் பின்னால் மாட்டும் எங்கள் 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் வாட்டர் பம்பின் கிட் மாற்ற 11,400 ரூபாய் வாங்கினார்கள். கிட் 6,800, கூலி 4,600. கியர் பெட்டியை நாங்களே இறக்கிப் பார்த்தால் உள்ளே புது சாமான் ஒன்றுகூட இல்லை. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர்; பழைய இம்பெல்லரையே தலைகீழாகப் புரட்டிப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. கடலோரச் சாலையில் மோட்டார் பழுது பார்த்து, உதிரி பாகமும் விற்கிற பட்டறை, அவ்வளவுதான்.

நம்பியது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரும் அப்படித்தான் நம்புவார். மோட்டாரை எடுக்கப் போனபோது மேசையில் ஒரு இம்பெல்லர் கிடந்தது. ஆறு இதழில் இரண்டு பிய்ந்து போனது. "பாருங்க தம்பி, இதை வைத்துக்கொண்டா கடலுக்குப் போனீங்க?" என்று பட்டறைக்காரர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். படம் எடுக்கச் சொன்னதும் அவரேதான். பிறகு மோட்டாரை ட்ரம் தண்ணீரில் இறக்கி ஸ்டார்ட் செய்து, த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டினார். மோட்டாரின் பக்கவாட்டில், பம்ப் வேலை செய்வதைக் காட்டும் துளையில் தண்ணீர் பென்சில் கனத்துக்குப் பீய்ச்சியது. பணத்தை எண்ணிக் கொடுத்தாயிற்று.

இரண்டுமே ஏமாற்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இம்பெல்லர் பக்கத்தில் கிடக்கும் 10 எம்எம் ஸ்பேனரோடு ஒப்பிட்டாலே தெரிகிறது: அது சின்ன மோட்டாருடைய சாமான், எங்கள் பம்ப் கிண்ணத்துக்குள் லொடலொட என்று ஆடும். தண்ணீர் பீய்ச்சியதற்குக் காரணம் வேறு. இம்பெல்லர் கிண்ணத்தின் நடுவில் இல்லாமல், ஒரு பக்கமாகத் தள்ளியே உட்கார்ந்திருக்கும், அமைப்பே அப்படித்தான். மெதுவாக ஓடும்போது ரப்பர் இதழ்கள் கிண்ணச் சுவரை உரசி, விரிந்து மடங்கித்தான் தண்ணீரைத் தள்ள வேண்டும். வேகம் கூடினால் தண்ணீரின் அழுத்தமே இதழ்களைச் சுவரிலிருந்து விலக்கிவிடும். வெறும் சுழற்சியிலேயே தண்ணீர் ஏறும். அதனால் தேய்ந்த இம்பெல்லரும் த்ராட்டில் கூட்டினால் நல்லது மாதிரி நடிக்கும். சோதிப்பதென்றால் ஐடிலில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல், பத்து நிமிடம் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும்.

கடலில் இறக்கி ஓட்டியபோது, கரைக்கு எதிரே இருக்கும் எக்ரெத் தீவைத் தாண்டும் முன்பே தாரை நூலாக மெலிந்தது, கை வைத்தால் சுட்டது, அப்புறம் ஆவி. உடனே எஞ்சினை நிறுத்திக் கம்பு ஊன்றிக் கரை சேர்ந்ததால் பிஸ்டன் பிழைத்தது. பவளத் திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத லாகூனுக்குள் என்பதால் கம்பு எட்டியது. பாஸுக்கு, அதாவது பவளத் திட்டின் இடைவெளி வாய்க்கு, வெளியே திறந்த கடலில், தென்கிழக்குக் காற்றில் இது நடந்திருந்தால்?

கழற்றியபோது கண்டது: இதழ்கள் ஆறும் ஒரே பக்கம் சுருண்டு இறுகியிருந்தன, அதுவும் ஓட்டத்துக்கு எதிர்ப் பக்கம். இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சின்ன உலோகச் சாவிக்கான காடி முழு நீளத்துக்கும் ஓடுவதால் புரட்டிப் போட்டாலும் தண்டில் ஏறிவிடும். ஆனால் சுருண்டு கெட்டியான ரப்பரை எதிர்த்திசையில் மடக்கினால் அடியில் வெடிக்கும். மூன்று இதழில் நகம் நுழையும் விரிசல், ஒன்றில் நுனி காணோம். அடித்தகட்டில் வட்டமாகப் பள்ளம். கேஸ்கெட் பழையது, சிலிக்கான் பூசி ஒட்டியிருக்கிறார்கள். 11,400 ரூபாய்க்குப் புதிதாக வந்தது அந்தச் சிலிக்கான் மட்டும்தான்.

காணாமல் போன அந்த நுனியைத் தேடாமல் விடக்கூடாது. உடைந்த துண்டு மேலே தண்ணீர்க் குழாயிலோ, சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டிலோ சிக்கிக்கொண்டால், புது இம்பெல்லர் போட்டாலும் சூடு குறையாது. துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு இதழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்குத் தெர்மோஸ்டாட்டில் கிடைத்தது.

மறுநாளே போன் செய்தோம். முதலில், "லாகூன் மணல் இழுத்திருக்கும், நாங்கள் என்ன செய்ய?" இரண்டாவது தடவை, "எஞ்சினே பழசு தம்பி." படத்தை அனுப்பியதும், "முதலாளி இல்லை, காவடி முடியட்டும்." காவடியும் முடிந்தது. அதன் பிறகு தினமும் "டிமேன், டிமேன்", நாளைக்காம். இன்று காலை நேரில் போனால், "பில் இருக்கிறதா?" என்று கேட்கிறார். அவர் கொடுத்தது "வாட்டர் பம்ப் 11,400" என்று பேனாவால் கிறுக்கிய துண்டுச் சீட்டு. அதில் கடை முத்திரையும் இல்லை, சாமான் எண்ணும் இல்லை. 11,400 ரூபாய்! உழைத்துச் சேர்த்த பணம்.

நீங்களே இம்பெல்லர் மாற்றுவது எப்படி என்று விவரமாக எழுதலாம் என உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளின் வயரை எடுத்துவிடுங்கள். கியர் இணைப்பை விடுவித்த பிறகே பெட்டியை இறக்குங்கள். பம்ப் மூடியின் நான்கு போல்ட்டும் உப்பில் இறுகியிருந்தால் முறுக்கி உடைக்காதீர்கள், சூடு காட்டுங்கள். கிண்ணத்திலோ தகட்டிலோ நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். அரைவட்டச் சாவி நழுவாமலிருக்கத் துளி கிரீஸ் போதும். இதழ்களுக்குச் சோப்புத் தண்ணீர் அல்லது கிளிசரின். மூடியை அழுத்தும்போது தண்டை, மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில், மெல்லத் திருப்பிக்கொண்டே இறக்குங்கள். எதிர்த்திசையில் ஒருபோதும் வேண்டாம். தண்டின் பல்வரிக்குப் பக்கவாட்டில் கிரீஸ் தடவலாம், உச்சி முகத்தில் கூடாது, பெட்டி முழுதாக உட்காராது. இடைவெளி தெரிந்தால் போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள், பல் சேரவில்லை என்று அர்த்தம். தண்ணீர்க் குழாய் தன் ரப்பர் வாயில் நுழைந்ததா என்று குனிந்து பாருங்கள். தண்ணீரில்லாமல் ஒரு நொடியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பட்டறைக்குத்தான் கொடுப்பதென்றால், கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய இம்பெல்லரைக் கையோடு வாங்குங்கள், புதியதன் உறையையும் வாங்குங்கள். திறந்தார்களா என்று தெரிய, கொடுக்கும் முன் மூடி போல்ட் ஒன்றில் பெயிண்ட் புள்ளி வையுங்கள். முத்திரை போட்ட பில் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.