ரெண்டாவது ஃப்ளாஷுக்கு நில்லு, பாப்பா

நேற்றுதான் ஃப்ளாஷ் சர்வீஸிலிருந்து வந்தது. கேமராவில் மாட்டும் அடிப்பாகம் ஆடிக்கொண்டிருந்தது; 1,200 ரூபாய் தண்டம். கேள்விப்பட்ட நண்பன், "நாலு வருஷமா வெச்சிருக்கியே மாப்ள, நானும் வாங்கட்டுமா?" என்றான்.

பேட்டரி, பவர் எல்லாம் சரி. என் பிரச்சினை ரியர் கர்ட்டன்.

ஷட்டரை ஒரு செகண்ட் திறந்துவைத்து, அது மூடுவதற்குச் சற்று முன்பு ஃப்ளாஷ் அடிக்கவைப்பதுதான் அது. மத்தாப்பு சுற்றும் கைக்குப் பின்னால் ஒளிக்கோடு வால் மாதிரி நிற்கும். ஆனால் எவ்வளவு ஃப்ளாஷ் என்பதைக் கேமராவே முடிவுசெய்யும் டிடிஎல்லில் வைத்தால், வெளிச்சத்தை அளக்க ஷட்டர் திறக்கும் முன்பே ஒரு குட்டி ஃப்ளாஷ் அடிக்கும். எடுத்தாயிற்று என்று எல்லோரும் அசைந்துவிடுவார்கள். அக்கா மகள் ஒவ்வொரு தீபாவளிக்கும் மொட்டைமாடியில் இதே வேலைதான் செய்கிறாள். முதல் வெளிச்சம் பட்டதும், "மாமா, காட்டு!" என்று துள்ளித் திரும்புவாள். அசல் ஃப்ளாஷ் அப்போதுதான் அடிக்கும். ஜடை இழை இழையாகத் துல்லியம். முகம்?

பவரை நாமே வைக்கும் மேனுவல் முறையில் அந்த முன்னோட்ட ஃப்ளாஷ் கிடையாது. ஆனால் அவள் ரெண்டடி முன்னால் வந்தால் முகம் வெளுத்துவிடும். அவளா ஓரிடத்தில் நிற்பாள்!

இதையெல்லாம் மன்னிக்கவைத்தது ஏற்காடு மலையின் லேடீஸ் சீட் வியூ பாயின்ட். இருட்டிய பிறகு, கீழே சேலம் முழுக்க விளக்கு. முன்னால் தம்பியும் அவன் மனைவியும். ட்ரைபாட், ஷட்டர் ஒரு செகண்ட், லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 800. ஃப்ளாஷ் சில மில்லி செகண்டில் முடிந்துவிடுவதால் ஷட்டரை எவ்வளவு நீட்டினாலும் அதனால் முகம் வெளுக்காது. ஊர் வெளிச்சம் மட்டும் ஏறிக்கொண்டே வரும். அவர்கள் மேல் வேறு வெளிச்சம் விழாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். டியூப்லைட் பட்டிருந்தால் பேய் மாதிரி ரெட்டை உருவம் வந்திருக்கும். ஃப்ளாஷ் தலையில் ஆரஞ்சு ஜெல் (கண்ணாடித்தாள் மாதிரி நிறத்தாள்) ஒட்டியதில் முகமும் கீழே தெரியும் ஊரும் ஒரே நிறத்துக்கு வந்தன. பனி மூட்டம் இறங்கியதும் கேமரா மேலிருந்த ஃப்ளாஷ் படத்தை வெள்ளைச்சுவராக்கியது. கழற்றிப் பக்கவாட்டில் பிடித்தபின் சரியாயிற்று. அந்தப் படம் இன்றும் அம்மா வீட்டுச் சுவரில்.

ஆக, நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. ஆடிக்குச் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் என்னுடையதை இரவல் கேட்கவும் கேட்காதே. அன்றைக்கு எனக்கு அது வேண்டும்.