கணக்கை உடைப்பதா, கோப்பைத் தோண்டுவதா: சாலி கிளார்க்கின் 2 மேல்முறையீடுகள்

இங்கிலாந்தில் தன் 2 கைக்குழந்தைகளையும் கொன்றதாக 1999-ல் ஆயுள் தண்டனை பெற்ற வழக்கறிஞர் சாலி கிளார்க், ஒரே தீர்ப்பை இரண்டு முறை எதிர்த்தார்.

முதல் முறை, 2000-ல், குறி வைத்தது நிபுணரின் கணக்கை. ஒரே வீட்டில் இரண்டு தொட்டில் மரணம் (காரணம் தெரியாமல் கைக்குழந்தை திடீரென இறப்பது) நிகழ 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று குழந்தைநல மருத்துவர் ராய் மெடோ சாட்சி சொல்லியிருந்தார். அந்த எண் எப்படி வந்தது தெரியுமா? அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு தொட்டில் மரணத்துக்கு 8,543-ல் ஒரு வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டு, 8,543-ஐ அதே எண்ணால் பெருக்கினார், அவ்வளவுதான். ஒரே தாய், ஒரே மரபணு, ஒரே வீடு என்னும்போது இரண்டு மரணங்களும் தொடர்பற்றவை என்று எப்படிப் பெருக்க முடியும்? கணக்கில் கோளாறு இருப்பதை நீதிமன்றமும் ஏற்றது, ஆனால் மற்ற ஆதாரங்களே போதும் என்று மனுவைத் தள்ளிவிட்டது.

இரண்டாவது முறை கையில் இருந்தது வாதமல்ல, காகிதம். இரண்டாவது குழந்தையின் தண்டுவட நீரில் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இருந்ததைக் காட்டும் ஆய்வக முடிவு, அதாவது குழந்தை தொற்றால் இறந்திருக்கலாம். பிரேதப் பரிசோதனை செய்தவர் அந்த முடிவை வெளியே சொல்லவே இல்லை. குற்ற வழக்குகளை மறுஆய்வு செய்யும் ஆணையம் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப, 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது.

என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான் பலமானது. நிபுணர் தப்பு என்று சொன்னால் நீதிபதிகள் ‘அதனால் என்ன’ என்பார்கள். ஜூரி பார்க்காத தாளை நீட்டினால் அப்படித் தள்ள முடியாது. ஆனால் ஒன்று, கணக்குத் தவறை முழுசாக வாதாடியிருந்தால் அதுவே போதுமானதாக இருந்திருக்கக்கூடும் என்று அந்த இரண்டாவது தீர்ப்பே சொன்னது. அதற்குள் 3 வருடத்துக்கு மேல் சிறையில் போய்விட்டது.