முடியின் நுனி வெடிப்புக்குக் கத்தரியா, தேங்காய் எண்ணெயா, ஹேர் சீரமா?

மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பைத் தொடும் பின்னலின் நுனிக்கு ஐந்தாறு வயதாவது இருக்கும். அத்தனை வருஷ வெயிலும் சீப்பும் ஷாம்புவும் பட்ட பகுதி அது. முடியின் மேல்புறம் ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள் அடுக்கியிருக்கும். அவை தேய்ந்து போனால் உள்ளே இருக்கும் நார்கள் பிரிந்துவிடும். முடிக்கு உயிரில்லை, பிரிந்தது தானாக ஒட்டாது.

அதனால் ஏற்கெனவே வெடித்த நுனிக்குக் கத்தரி ஒன்றுதான் வழி. வெடிப்புக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். நீளம் போய்விடுமே என்று விட்டுவைத்தால் வெடிப்பு மேலேறி, முடி நடுவில் முறியும். நீளம் எப்படியும் போகும். வெட்டினால் வேகமாக வளரும் என்பது மட்டும் உண்மையல்ல, வளர்ச்சி வேரில் நடப்பது.

தேங்காய் எண்ணெயின் இடம் வேறு. வெடித்ததை ஒட்டாது, இனி வெடிப்பதைக் குறைக்கும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அவர்கள் சொல்லும் காரணம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது: இதிலுள்ள லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் புகுந்து, தண்ணீரில் முடி உப்புவதைக் குறைக்கிறது. எனவே குளித்தபின் மினுமினுப்புக்குத் தடவுவதைவிட, குளிக்கும் முன்பே நுனிவரை தேய்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். பெரும்பாலானோர் உச்சந்தலையோடு நிறுத்திவிடுகிறார்கள்!

சீரத்தில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கோன். மேலே பூச்சாகப் படிந்து பிளவை ஒட்டிக் காட்டும், சீப்பின் உராய்வையும் குறைக்கும். ஷாம்பு போட்டு அலசினால் போய்விடும். கல்யாணத்துக்குப் போகும் நாளில் சரி, அதையே சிகிச்சையாக நம்பக் கூடாது.

அப்புறம், காசு செலவில்லாத ஒன்று. ஈர முடி எளிதில் இழுபட்டு அறும். துண்டால் அடித்து உலர்த்துவதையும், ஈரத்தோடு சிக்கெடுப்பதையும் விட்டாலே வெடிப்பு நன்றாகக் குறையும். சுருட்டை முடிக்காரர்களுக்கு மட்டும் இது மாறும்: காய்ந்தபின் வாரினால் அதிகம் முறியும் என்பதால், கண்டிஷனர் வழுவழுப்பு இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பது நல்லது.