பியர்ஸ்மித் 3: 20 லிட்டர் செய்முறையை 60 லிட்டராக்கும்போது

வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு பியர்ஸ்மித் 3 மென்பொருளை வாங்க ஒரே காரணம் சொல்ல வேண்டுமென்றால், அது ‘ஸ்கேல் ரெசிபி’ பொத்தான்தான். புதிய கருவிகளின் விவரத்தைத் தேர்ந்தெடுத்தால், அடர்த்தியும் கசப்பும் நிறமும் மாறாதபடி அளவுகளைத் திருத்தித் தருகிறது. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

பழைய 20 லிட்டர் பேல் ஏல் (வெளிர்நிற பீர் வகை) செய்முறையில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 4.8 கிலோ, செயல்திறன், அதாவது மால்ட்டின் சர்க்கரையில் நமக்குக் கிடைக்கும் பங்கு, 70 சதவீதம் என்று கொள்வோம். பெருக்கினால் 14.4 கிலோ வரும். புதிய கலன்களின் செயல்திறன் 78 சதவீதம் என்றால் 12.9 கிலோ போதும். கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் மேஷ் (மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கலவை) மொத்தம் 47 லிட்டர் ஆகிவிடும். 50 லிட்டர் பாத்திரத்தில் கிளற இடமிருக்காது. 2.6 லிட்டராகக் குறைத்தால் 42 லிட்டரில் அடங்கும்.

அதிகம் பேர் சறுக்குவது ஆவியாதலில்தான். ஆவியாகும் அளவு பாத்திரத்தின் வாயகலத்தையும் அடுப்பின் வேகத்தையும் பொறுத்தது. உள்ளே எவ்வளவு வோர்ட் (மேஷிலிருந்து வடித்த இனிப்புச் சாறு) இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. சிறிய பாத்திரத்தில் மணிக்கு 4 லிட்டர் போனது என்பதற்காகப் பெரியதில் 12 லிட்டர் போகும் என்று 72 லிட்டரில் தொடங்கி, உண்மையில் 6 லிட்டரே போனால், கையில் 66 லிட்டர் நிற்கும். 1.050 வர வேண்டிய அடர்த்தி (வெறும் தண்ணீருக்கு 1.000) 1.045-க்கு இறங்கிவிடும். அதனால் புதிய பாத்திரத்தில் வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, முன்னும் பின்னும் ஆறிய நிலையில் அளந்து, அந்த எண்ணையே கருவி விவரத்தில் எழுதுங்கள். கொதிநிலையில் அளந்தால் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அடியில் தங்கும் கசடையும் இப்படியே தனியாக அளக்க வேண்டும், அதுவும் மும்மடங்காகாது.

ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதே குளிர்விக்கும் சுருளை வைத்து 60 லிட்டரை ஆற்ற வெகுநேரம் பிடிக்கும். கடைசி 10 நிமிடத்தில் போட்டதும் அடுப்பை அணைத்தபின் போட்டதும் சூடு தணியும்வரை கசப்பை விட்டுக்கொண்டே இருக்கும். மணத்துக்கான ஹாப்ஸை 80 டிகிரிக்கு ஆறியபின் போட்டு, அந்த வெப்பநிலையை மென்பொருளின் வேர்ல்பூல் (அடுப்பை அணைத்தபின் வோர்ட்டைச் சுழலவிடும் கட்டம்) பகுதியில் பதியுங்கள்.

செய்முறையில் ஈஸ்ட் அளவை நீங்களே சரிபார்க்க வேண்டும். யூஎஸ்-05 போன்ற உலர் ஈஸ்ட் என்றால் 11.5 கிராம் பொட்டலம் மூன்று வேண்டும். ஜிப்சம் போன்ற உப்புகளை மொத்தத் தண்ணீரின் அளவுக்கே கணக்கிடுங்கள்.

சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் வரம்பு. அங்கிருப்பவர்கள் அதற்குள்ளேயே உயர்த்த வேண்டும்.

நொதிக்கும் சூட்டை எந்தப் பொத்தானும் கவனிக்காது. பெரிய கலனில் கொள்ளளவுக்கு ஏற்ற புறப்பரப்பு இல்லாததால், உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். 18 டிகிரி வேண்டுமானால் 16-இல் தொடங்குங்கள். வெப்பமானியை அறைச் சுவரில் மாட்டாமல் கலனின் மேல் ஒட்டி, பஞ்சால் மூடுங்கள்.