எஸ்.பி. ரோடு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போர்டு: வாங்கலாம், ஆனால் அப்படியே மாட்டக் கூடாது

பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்டீரியோ எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போர்டு இது. டிஜிட்டல் டிஸ்ப்ளே, 87 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை 0.1 படியில் மாற்ற பட்டன்கள், 3.5 எம்எம் ஜாக், போர்டிலேயே ஒரு குட்டி மைக், 5 வோல்ட் சப்ளை. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் நல்ல உபயோகம் உண்டு. சென்னை வானொலியை ஃபோனில் பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் போட்டு, ஃபோனை இந்த போர்டின் ஜாக்கில் இணைத்துவிட்டு, சமையலறை ரேடியோவிலும் தாத்தா அறை ரேடியோவிலும் ஒரே நேரத்தில் கேட்கலாம்.

போர்டு தரமானதுதான். ஆனால் வாங்கி வந்து நேராக மாட்டினால் கரகரப்பும் உறுமலும்தான் வரும். உடனே பலரும் சிப் மட்டம், பவர் பத்தவில்லை என்று முடிவு கட்டி பூஸ்டர் தேடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. உள்ளே போகும் ஆடியோ லெவலையும் சப்ளையையும் சரிசெய்தாலே முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

பக்கத்திலேயே இன்னும் மலிவாக ஒற்றை டிரான்சிஸ்டர் கிட் கிடைக்கும். அது வேண்டாம். காயிலுக்கு அருகே கை போனாலே அலைவரிசை நகரும், சூடானாலும் நகரும், சப்ளை வோல்டேஜ் ஆடினாலும் நகரும். நாம் பேசும் போர்டில் இருப்பது பிஎல்எல், அதாவது அலைவரிசையைக் கிரிஸ்டலோடு ஒப்பிட்டுப் பூட்டும் சுற்று. கிரிஸ்டல் பிடித்து வைத்திருப்பதால் 97.2 என்று வைத்தால் 97.2லேயே நிற்கும்.

முதலில் லெவல். எஃப்எம்மில் ஒலிக்கேற்ப அலைவரிசை இரு பக்கமும் நகர்கிறது; இந்த விலகல் அதிகபட்சம் 75 கிலோஹெர்ட்ஸ்தான். ஃபோனில் வால்யூமை முழுக்க வைத்தால் அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை வெளியே வரும். இந்த போர்டுகளின் இன்புட்டுக்குச் சில நூறு மில்லிவோல்ட் போதும். மிஞ்சினால் அலை, ரேடியோவுக்குள் ஒரு நிலையத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ஐஎஃப் ஃபில்டரின் அகலத்துக்கு வெளியே வழிகிறது, உச்சத்தில் குரல் கிழிகிறது. கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை. பேச்சு ஓடும் நிலையம் ஒன்றைப் போட்டு, ஃபோன் வால்யூமைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே, அதே அளவுக்கு ரேடியோ வால்யூமைக் கூட்டுங்கள். ஏதோ ஒரு இடத்தில் கிழிசல் சட்டென நின்றால், ஓவர்மாடுலேஷன்தான், அதாவது விலகல் அளவு மீறியதுதான் காரணம். அந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு படி இறக்கி வைக்க வேண்டும்.

ஆனால் ஃபோன் வால்யூம் மிகக் கீழே போனால் அதன் சொந்த இரைச்சல் மேலே வந்துவிடும். அதனால் ஃபோனை முக்கால் வால்யூமில் வைத்து, கேபிளில் ஒரு அட்டென்யுவேட்டர் (லெவலைக் குறைக்கும் சிறு சுற்று) போடுவதே சரியான வழி. ஒவ்வொரு சேனலிலும் 4.7 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் தொடராக, அதற்குப் பின் 1 கே கிரவுண்டுக்கு. சுமார் 15 டெசிபெல் குறையும். ஆக மொத்தம் நான்கு கால் வாட் ரெசிஸ்டர். காசு என்று சொல்லக்கூட எதுவும் இல்லை. இவற்றை ஃபோன் முனையில் அல்லாமல் போர்டு பக்கமே பற்றவைக்க வேண்டும். கேபிள் வழியே ஏறும் இரைச்சலும் சேர்ந்து குறையும்.

லெவல் சரியான பிறகும் செய்தி வாசிப்பவர் 'செய்திகள்' என்று தொடங்கும்போது அந்த முதல் எழுத்து மட்டும் சீறினால், ப்ரீ எம்ஃபசிஸைப் பாருங்கள். இரைச்சலைக் குறைக்க டிரான்ஸ்மிட்டர் உயர் சுருதி ஒலிகளைத் தூக்கி அனுப்பும், ரேடியோ அதே அளவு இறக்கும்; அந்தத் தூக்கல்தான் இது. இந்தியாவில் நடைமுறை 50 மைக்ரோ விநாடி. அமெரிக்காவுக்கான 75ல் அமைந்து வரும் போர்டுகளும் உண்டு. அப்போது 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஏறத்தாழ 3 டெசிபெல் தூக்கலாக ஒலிக்கும். க்யூஎன் 8027, எஸ்ஐ 4713 போன்ற சிப்களில் இதை ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு நினைவகம்) வழியாக மைக்ரோகண்ட்ரோலர் கொண்டு மாற்றலாம். பட்டன் மட்டும் உள்ள போர்டில் வழியில்லை. ஃபோனின் ஈக்வலைசரில் மேல் பட்டைகளை 3 டெசிபெல் இறக்கினால் பெருமளவு சரியாகும்.

அடுத்தது உறுமல். இதற்குக் காரணங்கள் பல, அதனால் வரிசையாகப் பார்த்தால்தான் பிடிபடும். ஆடியோ பிளக்கை உருவிவிட்டுக் கேளுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் சப்ளை. இணைத்திருக்கும்போது மட்டும் வந்து, ஃபோன் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் கிரவுண்டு லூப்: ஃபோனும் போர்டும் இரண்டு வழிகளில் கிரவுண்டில் இணைந்து, அந்த வளையத்தில் மின்னோட்டம் ஓடுகிறது. பவர் கேபிளை நகர்த்தினால் உறுமலின் அளவு மாறினால், ஆன்டெனாவின் அலை அடாப்டருக்குள் ஏறி, அங்குள்ள டையோடுகளில் பட்டு மாடுலேட் ஆகித் திரும்புகிறது. இந்த மூன்றாவது வகையைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. அடாப்டரை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராத உறுமல் பெரும்பாலும் இதுதான்.

சப்ளைக்கு மருந்து: 9 வோல்ட் அடாப்டர், அதற்குப் பின் 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்), அவுட்புட்டில் 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கண்டென்சரும் ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கண்டென்சரும். கண்டென்சர்கள் போர்டின் பவர் பின்னை ஒட்டியே இருக்கட்டும். போர்டு இழுப்பது மிகச் சிறிய மின்னோட்டம், ஹீட் சிங்க் தேவைப்படாது. பவர் பேங்க் சோதனைக்கு அருமையானது, நிரந்தரத்துக்கு ஆகாது: இழுப்பு குறைவு என்பதால் பல பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துவிடும். கிரவுண்டு லூப்புக்கு 600க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், சேனலுக்கு ஒன்று. கார் ஆடியோ கடைகளில் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்று டப்பாவாகவே கிடைக்கிறது. மூன்றாவது வகைக்கு, பவர் கேபிளில் போர்டை ஒட்டி ஒரு கிளிப் ஃபெரைட் (கேபிளைச் சுற்றி மாட்டும் காந்தப் பொருள் உருளை, ரேடியோ அலையைத் தடுக்கும்). கேபிளை அதில் இரண்டு மூன்று சுற்று சுற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

ப்ளூடூத் ரிசீவர் மாட்யூலை அதே 5 வோல்ட்டில் சேர்த்து ஓட்டுபவர்களுக்கு 'கீ' என்ற சன்னமான ஒலி கேட்கும். மாட்யூலின் டிஜிட்டல் மின்னோட்டம் பொதுக் கிரவுண்டு வழியே ஆடியோவில் ஏறுவதே காரணம். மாட்யூலுக்கு மட்டும் பி0505எஸ் என்ற தனிமைப்படுத்திய டிசி-டிசி கன்வர்ட்டர் கொடுத்தால் அடங்கிவிடும்.

பாட்டில் இசை கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் போய்விட்டது. மோனோ ரேடியோவிலோ கிட்டத்தட்ட சத்தமே இல்லை. இப்படி இருந்தால் போர்டைத் திறக்காதீர்கள். ஜாக்கில் கிரவுண்டு தொடவில்லை. இரு சேனல்களின் வித்தியாசம் மட்டுமே உள்ளே போகிறது, நடுவில் நிற்கும் குரல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. நான்கு உலோகத் தொடுபகுதிகள் (மூன்று கோடுகள்) உள்ள ஹெட்செட் பிளக்கை விட்டு, மூன்று தொடுபகுதிகள் (இரண்டு கோடுகள்) உள்ள ஆக்ஸ் கேபிளைப் போட்டு, முழுக்க உள்ளே தள்ளினால் போதும். பிளக் செருகிய பின்னும் போர்டு மைக் அணையாமல் வீட்டுச் சத்தத்தைப் பிடித்தால், மைக்கைக் கழற்றிவிடலாம்.

ஆன்டெனா கம்பி ஆடியோ கேபிளுக்கு அருகே போகக் கூடாது. குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, செங்குத்தாக. 100 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 75 சென்டிமீட்டர். ஒரு வீட்டுக்கு அவ்வளவுகூட வேண்டாம், 20 சென்டிமீட்டரில் தொடங்குங்கள். போர்டும் ரேடியோவும் ஒரே மேசையில் இருந்தால் ரேடியோவில் சிக்னலை வாங்கும் முதல் சுற்று திணறி, நல்ல ஒலியும் கெட்டுத்தான் கேட்கும். மூன்று மீட்டர் தள்ளி வைத்துச் சோதிக்க வேண்டும்.

அலைவரிசை தேர்வில் பெங்களூரு சிரமமான ஊர். 91.1 சிட்டி, 92.7 பிக், 93.5 ரெட், 98.3 மிர்ச்சி, 101.3 ரெயின்போ, 102.9 விவித் பாரதி, 104 ஃபீவர் என நெருக்கமாக நிற்கின்றன. டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, ரேடியோ இருக்கப்போகும் அறையிலேயே, வெறும் இரைச்சல் மட்டும் வரும் இடத்தைத் தேடுங்கள். வலுவான நிலையத்திலிருந்து 0.4 மெகாஹெர்ட்ஸாவது தள்ளி இருக்க வேண்டும். 108ஐ ஒட்டிப் போகாதீர்கள். அதற்கு மேல் விமான வழிகாட்டிப் பட்டை தொடங்குகிறது, எச்ஏஎல் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

தூரத்து அறையில் மட்டும் 'ஸ்ஸ்' என்று கேட்டால் ரேடியோவை மோனோவுக்கு மாற்றுங்கள். பலவீனமான சிக்னலில் ஸ்டீரியோவின் இரைச்சல் மோனோவைவிட 20 டெசிபெல்லுக்கும் மேல் கூடுதல். பேச்சுக்கும் பழைய பாட்டுக்கும் மோனோவில் இழப்பு ஒன்றுமில்லை.

பூஸ்டர் போர்டைக் கடைக்காரர் எடுத்து நீட்டினாலும் வாங்காதீர்கள். கெட்ட ஒலியை அது அடுத்த தெருவரை கொண்டுபோகும், அவ்வளவுதான். உரிமமில்லாத ஒலிபரப்பு இந்தியாவில் சட்டப்படி குற்றம். கடையில் தாராளமாக விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. அலை வீட்டுச் சுவருக்குள் அடங்கும்வரை கம்பியைக் குட்டையாக்குங்கள். அந்தப் பூஸ்டர் காசுக்கு ரெசிஸ்டர், 7805, ஃபெரைட், ஐசொலேட்டர் எல்லாவற்றையும் அதே தெருவில் வாங்கிவிடலாம்.